ஒருவழித் தபால்

1

தமிழில் மனநோய்க்கு மூன்று ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன: கீழ்ப்பாக்கம், குணசீலம், ஏர்வாடி. 'அவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்' என்று சேலத்து டீக்கடையில் சொல்பவர் சென்னையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் தமிழ் ஜில்லாக்கள் அனைத்துக்கும் கடைசி விலாசமாக இருந்துவந்தது. அந்த விலாசமே வசைச்சொல்லாகிவிட்டது. நாமக்கல்லிலிருந்து முசிறி வழியாகத் திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் குணசீலத்துக்கு டிக்கெட் வாங்கும் குடும்பத்தைப் பிற பயணிகள் உடனே புரிந்துகொள்கிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு மண்டலம், 48 நாள், பெருமாள் சந்நிதியில் தங்க வேண்டும் என்பது இந்தச் சமவெளியில் எல்லோருக்கும் தெரிந்த சிகிச்சை.

ஒரு நோய் ஊர்ப்பெயரால் அறியப்படுகிறது என்றால், நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது மட்டும் அச்சமூகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். நோயைப் பற்றிய அறிவு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு டாக்டர் தான் கண்டதை எழுதுகிறார். துறையைச் சேர்ந்த வேறு இருவரோ மூவரோ அதைப் படித்து ஒப்புகிறார்கள். பத்திரிகையில் அச்சாகிறது, அட்டவணைகளில் ஏறுகிறது. ஏதோ ஒரு தூரதேசத்து டாக்டர் அதைத் தேடியெடுத்துப் படித்துத் தன் நோயாளியின் சிகிச்சையை மாற்றிக்கொள்கிறார். உலகத்து மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இந்த நீண்ட கடிதப்போக்குவரத்தில் நமக்கும் பங்கு உண்டு. நம்மிடமிருந்து தபால் போயிருக்கிறது. சில சமயம் அது வெளியூரில் பிரிக்கப்படவில்லை. பிரிக்கப்பட்டபோதும், பதில் நம் பாஷையில் நம் ஊருக்கு வரவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் இதுவரை ஒரு குறையாகக்கூட உணர்ந்ததாகத் தெரியவில்லை.

2

முதலில், பிரிக்கப்படாத தபால்.

1931இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்' பத்திரிகையில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சர்ப்பகந்தி வேர் ஒரு புதிய இந்திய மருந்து என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. வேர் புதியதல்ல, வைத்தியர்கள் தலைமுறைகளாகக் கொடுத்துவந்தது. புதிதாக நேர்ந்தது, அது மேலைமருத்துவத்தின் பாஷையில், நோயாளியைக் கவனித்த விவரங்களோடு அச்சானதுதான். அதே வருஷம் டில்லியில் சித்திக்கி அவ்வேரின் ரசாயனங்களைப் பிரித்தெடுத்து எழுதினார். கல்கத்தாவில் ஆர். என். சோப்ராவும் சகாக்களும் 1933இல் அதன் வேலையை ஆராய்ந்தார்கள். இந்தியாவுக்குள் கட்டுரை படிக்கப்பட்டது, பின்தொடரப்பட்டது. வெளியே அது ஒரு பெரும் அசைவையும் உண்டாக்கவில்லை.

1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அதே வேரை ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் விஞ்ஞானிகள் வேரிலிருந்து ரிஸர்பீனைப் பிரித்தெடுத்தார்கள். 1954இல் நியூயார்க் மாகாணத்து மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் நாதன் கிளைன் அதன் பலனை எழுதினார். 1955இல் அமெரிக்காவில் பிராடியின் ஆய்வுக்கூடம், ரிஸர்பீன் உடம்பிலுள்ள செரட்டோனினை வடித்துவிடுகிறது என்று காட்டியது. மனத்தின் நிலைக்கும் மூளையின் ரசாயனத்துக்கும் தொடர்பு தேடும் இன்றைய யோசனைகளில் பெரும்பகுதி அங்கே தொடங்குகிறது. 1957இல் வக்கீலும் கிளைனும் லாஸ்கர் விருது பெற்றவர்களில் இருந்தார்கள்.

இதைத் தேசாபிமானக் கதையாகச் சொல்வது சுலபம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும் என்ற பல்லவிக்கு இது வசதியான உதாரணம். ஆனால் ரிஸர்பீன் மனமருத்துவத்தில் நிலைக்கவில்லை. பாரிஸில் 1952இல் பழக்கத்துக்கு வந்த குளோர்ப்ரோமஸின் அதை ஓரங்கட்டியது. ரிஸர்பீன் சிலரை மனச்சோர்வில் தள்ளுகிறது என்ற சந்தேகமும் அதைத் துரத்தியது. எனவே இங்கு கவனிக்க வேண்டியது மூலிகையின் மகிமை அல்ல. 1931க்கும் 1949க்கும் இடையே செடி மாறவில்லை, வேர் மாறவில்லை. அச்சான இடம் மாறியது. கல்கத்தா அச்சகத்துக்கும் லண்டன் அச்சகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஒரு மருத்துவ உண்மைக்கு பதினெட்டு வருஷம் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதியும் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் உலகம் படித்துவிடும் என்று இன்றும் நம்பும் நம் இலக்கிய நண்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

3

சுதந்திரத்துக்குப் பிறகு விலாசங்களை நாமே உண்டாக்க முயன்றோம். 1947இல் இந்திய மனமருத்துவர் சங்கம் தோன்றியது. 1949இல் அது நரம்பியலுக்கும் மனமருத்துவத்துக்குமாக ஒரு பத்திரிகை தொடங்கியது. 1958இல் அது 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' ஆயிற்று. கட்டுரை எழுதியவருக்குக் கார்டு போட்டு மறுஅச்சுப் பிரதி கேட்டு வாங்கிப் படித்த காலம் அது. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய ஒரு கார்டு வந்தால், தன்னை யாரோ படித்திருக்கிறார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களை இன்று யாரும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

அறுபதுகளின் பிற்பகுதியில் உலக சுகாதார ஸ்தாபனம் ஸ்கிஸோஃப்ரீனியாவைப் பற்றி ஒன்பது நாடுகளில் ஒரே சமயத்தில் ஆராயத் தொடங்கியது. ஒன்பது மையங்களில் ஆக்ரா ஒன்று. நைஜீரியாவின் இபாதான், கொலம்பியாவின் காலி, லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் ஆகியவையும் உண்டு. மொத்தம் 1,202 நோயாளிகள். 1973லும் 1979லும் வெளிவந்த அறிக்கைகள் ஒரு வினோதத்தைச் சொல்லின: டாக்டரும் மருந்தும் மிகுந்த ஊர்களைவிட ஆக்ராவிலும் இபாதானிலும் நோயாளிகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். கூட்டுக்குடும்பம், விவசாய வாழ்க்கை, சகிப்புத்தன்மை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. வருஷங்கள் போகப்போக இது ஒரு சூத்திரமாக இறுகி, பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. கீழைநாட்டுக் குடும்பத்தின் கதகதப்பைப் பற்றி மேலைநாட்டார் எழுதிய புகழுரைகளை நாமும் மகிழ்ச்சியோடு வாசித்தோம்.

இந்தப் புகழுரையைக் கேள்விகேட்க சென்னைக்குத் தகுதி வந்தது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்டண்டாக 1961 முதல் 1978 வரை இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்ற ஸ்கிஸோஃப்ரீனியா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். அதற்குமுன் 1981இல் சென்னையில், முதல்முறையாக நோய்கண்ட 90 பேரை எடுத்துக்கொண்டு வருஷாவருஷம் பின்தொடரும் வேலை தொடங்கியிருந்தது. டாக்டர் ஆர். தாராவும் சகாக்களும் அதன் பத்து வருஷ முடிவுகளை 1994இல் ஒரு ஸ்காண்டிநேவியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதன் பின்னும் தொடர்ந்தார்கள். தொண்ணூறு பேரின் கால்நூற்றாண்டு: கல்யாணம், வேலை, பிரிவு, மறுபடி நோய், மரணம். 1998இல் அதே சென்னையிலிருந்து, ஒருபோதும் சிகிச்சையே பெறாத ஸ்கிஸோஃப்ரீனியா நோயாளிகளைப் பற்றி இன்னொரு கட்டுரை போயிற்று. 2008இல் அமெரிக்காவின் கோஹென், கோவாவின் விக்ரம் படேல், சென்னையின் தாரா, இபாதானின் குரேஜே நால்வரும் சேர்ந்து, ஏழைநாடுகளில் நோயாளி நன்றாகத் தேறுகிறான் என்ற சூத்திரம் சரிதானா என்று எழுதினார்கள். பாராட்டப்பட்ட ஊர்களிலிருந்தே அந்தப் பாராட்டைச் சந்தேகிக்கும் குரல்கள் வந்தன. எழுத்துப்போக்குவரத்தின் உண்மையான பயன் இது. சாட்சியாக நிறுத்தப்பட்டவன் ஒருநாள் எழுந்து, என் சாட்சியத்தை நீங்கள் தவறாக எழுதிக்கொண்டீர்கள் என்று சொல்ல முடிகிறது.

ஆனால் இந்தக் குரல்கள் எத்தனை? 2001இல் விக்ரம் படேலும் இலங்கையின் அதுல சுமதிபாலவும் மனமருத்துவத்தின் ஆறு முன்னணிப் பத்திரிகைகளை எண்ணிப் பார்த்தார்கள். உலக ஜனத்தொகையில் 90 சதத்துக்கு மேற்பட்டோர் வாழும் பிரதேசங்களிலிருந்து வந்த கட்டுரைகள் 6 சதம். இந்த எண்ணிக்கையை ஒரு புகாராக மட்டும் படித்தால் போதாது. மனநோய் என்று பாடப்புத்தகம் வர்ணிப்பது பெரும்பாலும் மீதிப் பத்து சதத்தாரின் மனநோய் என்று அர்த்தமாகிறது. ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ ஒருவர் நோயால் வாய்திறக்கும்போது, எந்த வரிசையில் என்ன சொல்ல வேண்டும் என்பது ஏற்கனவே வேறொரு ஊரில் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

4

அந்த 2001 வேறொரு காரியத்துக்காகவும் நினைவிருக்க வேண்டிய வருஷம். ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, ஏர்வாடி தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் கொட்டகை தீப்பற்றியது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த பலர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஊர்ப்பெயரொன்றிலிருந்து இன்னொரு ஊர்ப்பெயருக்கு மாற்றல்.

இதற்கு ஒரு வருஷம் முன்பு, 2000இல், பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் சகாக்களும் வேறொரு கோயிலில் தங்கிக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயில் அது. மூன்று மாதத்தில் அங்கு உதவிநாடி வந்து தங்கிய 31 மனநோயாளிகளை, வந்தபோதும் போகும்போதும், ஆஸ்பத்திரிகளில் வழங்கும் ஓர் அளவுகோலால் அளந்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். தனிப்பட்ட சிகிச்சைச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் பூஜையில் கலந்துகொள்வது. பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே வீட்டார் ஒருவர் தங்குவது. காசு வாங்குவதில்லை. நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பல மருந்துகள் தரும் பலனோடு ஒப்பிடத்தக்க குறைவு இது என்று அவர்கள் எழுதினார்கள். 2002 ஜூலையில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அதைப் பிரசுரித்தது.

இரண்டரைப் பக்கம்கூடத் தேறாத கட்டுரை. அதன் பலவீனம் வெளிப்படையானது: 31 பேர் சொற்பம், கோயிலுக்குப் போகாத நோயாளிகளோடு ஒப்பீடு இல்லை, வீட்டுக்குப் போனபின் என்ன ஆயிற்று என்பது இல்லை. ஆனால் அதன் பலம் வேறு. கோயிலைப் பற்றிய இரண்டு தயார்நிலைத் தீர்ப்புகளையும் அது ஏற்கவில்லை. சாமியின் சக்தி என்றும் சொல்லவில்லை, மூடநம்பிக்கை என்றும் சொல்லவில்லை. ஆதரவான இடம், அச்சுறுத்தாத வேலை, கூட இருக்கும் உறவு ஆகியவை ஒன்றாகக் கிடைக்கும் இடம் ஒரு நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்டது.

ஏர்வாடித் தீக்குப்பின் தமிழ்நாட்டில் நடந்த விவாதத்துக்கு மிகவும் தேவைப்பட்ட கேள்வி இதுதான். சங்கிலி உள்ள இடத்துக்கும் பூவாளி உள்ள இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. சங்கிலியை எடுத்துவிட்டுப் பூவாளியை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்திருக்க முடியும். நம் தினசரிகள் பகுத்தறிவுக்கும் பக்திக்கும் இடையிலான பழைய பட்டிமன்றத்தையே மறுபடி நடத்தின. கட்டுரை லண்டனில் அச்சாகி, உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அந்தக் கோயிலில் தண்ணீர் ஊற்றியவரின் தாயாருக்கு அது எட்டவில்லை என்பதை விடுங்கள். சங்கிலியைப் பற்றித் தலையங்கம் எழுதியவர்களின் எழுத்திலும் அதன் சாயல் தெரியவில்லை.

5

இன்னொரு கட்டுரையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இது நம் துறைக்கு, அதாவது பாஷைக்கு, மிக அருகில் வருவது.

2015இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி'யில் அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லூர்மான், ஸ்கார்ஃபின் டாக்டர்கள் பத்மாவதி, ஹேமா தரூர், கானாவின் டாக்டர் ஓஸேய் நால்வரும் எழுதியது. காதில் குரல் கேட்கும் நோயாளிகள் இருபது பேர் அமெரிக்காவில், இருபது பேர் கானாவின் தலைநகரில், இருபது பேர் சென்னையில். என்ன குரல், யாருடையது, என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் குரலைத் தன் மூளையின் கோளாறாக, முகம் தெரியாத வன்முறையாக விவரித்தார்கள். கானாவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பேசியவர்கள் உறவினர்கள். திட்டினார்கள், கூடவே குளி, சமை, வீட்டைப் பெருக்கு என்று புத்தியும் சொன்னார்கள்.

இதை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நோயின் குரல்கூட ஊரின் வளர்ப்புக்கு ஏற்பப் பேசுகிறது என்பது எந்த இலக்கிய விமர்சகனையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் விஷயம். ஆனால் கட்டுரை தரும் இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தால் நிரப்ப முடியாது. தமிழில் பேசும் ஒரு குரல் கேட்பவரை 'நீ' என்கிறதா, 'நீங்க' என்கிறதா? 'வாடி' என்கிறதா, 'வாம்மா' என்கிறதா? மாமியாரின் குரல் உயிரோடிருந்தபோது சொன்ன விகுதியிலேயே இப்போதும் பேசுகிறதா? வருஷங்கள் போகும்போது அந்த விகுதி இளகுகிறதா? பணிவும் அதட்டலும் நம் பாஷையில் வினைமுற்றின் கடைசி எழுத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'. ஒரு நோயாளி தேறிவருகிறாரா என்பதை அந்த விகுதி சொல்லிவிடக்கூடும். அதைக் கவனிக்கத் தமிழில் எழுதப்பட்ட நோயாளிக் குறிப்பு வேண்டும். அத்தகைய குறிப்புகளை அச்சிடும் பத்திரிகை ஒன்று நம்மிடம் இல்லை.

இருப்பது ஒரு நாவல். எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' 1992இல் வெளிவந்தது. 1993இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. தன் காதுக்குள் பல வருஷங்கள் கேட்ட குரல்களை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதியது. நாம் அதை நாவல் என்று விவாதித்தோம், வடிவம் சரிந்திருக்கிறதா என்று சண்டை போட்டோம். தமிழில் குரல் கேட்ட ஒருவர், தமிழ் உரைநடையில் தேர்ந்த கையால், உள்ளிருந்து எழுதிய சாட்சியம் என்று அதை எந்த மருத்துவ வகுப்பிலும் வைக்கத் தோன்றவில்லை. இதே காலத்தில் ஹாலந்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். மனமருத்துவர் மாரியஸ் ரோம் 1987இல், தன்னிடம் வந்த ஒரு பெண்மணியோடு டெலிவிஷனில் தோன்றி, குரல் கேட்பவர்கள் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று கேட்டார். நூற்றுக்கணக்கானவர்கள் தொடர்புகொண்டார்கள். 1989இல் அவரும் ஸாண்ட்ரா எஷரும் அதை 'ஸ்கிஸோஃப்ரீனியா புல்லட்டின்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எழுத, குரல் கேட்பவர்களின் ஓர் இயக்கமே பல நாடுகளில் உண்டாயிற்று. அந்தப் பத்திரிகை 1979 முதலே நோயாளிகள் தாமே எழுதும் பகுதியை வெளியிட்டுவந்தது. அதாவது நோயாளியின் எழுத்துக்கு மருத்துவப் பத்திரிகையில் ஓர் இடம் முன்பே இருந்தது. வெங்கட்ராமுக்கு அப்படி ஓர் இடம் தமிழில் இல்லை. நாவல் என்ற கதவு மட்டும் இருந்தது.

6

திரும்பிவரும் தபாலுக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. நிம்ஹான்ஸ் 1985 முதல் பெல்லாரி ஜில்லாவில், சாதாரண ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே மனநோயைக் கண்டு மருந்து கொடுக்கும்படி பயிற்சி தந்தது. அதற்கென்று கைநூல் ஒன்றை அச்சிட்டது. பெரிய பத்திரிகைகளில் சிதறிக்கிடந்த ஆராய்ச்சியைச் சுருக்கி, கிராமத்து டாக்டரின் மேஜைக்கு வரவைத்த அச்சு அது. பெல்லாரியை மாதிரியாகக் கொண்ட மாவட்ட மனநலத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. 1997 வாக்கில் தொடங்கியது. சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே 1997இல்தான். காவிரியை ஒட்டிய அந்த சாலையில் குணசீலத்துக்குப் போகும் பஸ்ஸுக்குப் போட்டியாக, ஆஸ்பத்திரிக்கும் ஒரு பஸ் ஏற்பட்டது எனலாம். கைநூல் எழுதியவர்களில் ஒருவரான சி. ஆர். சந்திரசேகர், அதோடு நிற்காமல் கன்னடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மனநலப் புத்தகங்களை எழுதினார். பெல்லாரியில் கற்றது கன்னடத்துக்குத் திரும்பியது. திருச்சியில் கற்றது தமிழில் அந்த அளவுக்குத் திரும்பியதா?

வங்கிக் கவுண்டரில் உட்காருபவன் என்ற முறையில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்றுண்டு. மகனின் உதவித்தொகைக்காக ஒரு அம்மாள் மருத்துவச் சான்றிதழைக் கொண்டுவருவார். ஆங்கிலத்தில் நோயின் பெயர், பக்கத்தில் சதவீதம். 'இதுல என்னன்னு போட்டிருக்குங்க சார்?' சொல்வதற்கு என்னிடம் இருப்பது ஒரு தமிழ்ச்சொல்: மனச்சிதைவு. அதைச் சத்தமாகச் சொல்ல நா எழுவதில்லை. மனம் சிதைந்துவிட்டது என்று ஒரு தாயிடம் கவுண்டருக்குக் குறுக்கே சொல்ல முடியுமா? நோய் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தச் சொல் கிரேக்கச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. ஜப்பானியர்களும் இதேபோல் 'மனம் பிளந்த நோய்' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் அந்தப் பெயர் வேண்டாம் என்று தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மனமருத்துவர்களிடம் கேட்டது. பல வருஷ விவாதத்துக்குப் பின் 2002இல் பெயரை மாற்றினார்கள். ஒருங்கிணைவு குலைந்த நிலை என்ற பொருள்படும் புதுச்சொல் வந்தது. அதற்குமுன் தன் நோயின் பெயர் சொல்லப்பட்ட நோயாளிகள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்தார்கள். சில வருஷங்களில் அது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. டாக்டருக்கு வாய் எழுந்தது, காரணம் சொல். இந்த அனுபவம் 2006இல் 'வேர்ல்ட் சைக்கியாட்ரி' பத்திரிகையில் வந்திருக்கிறது. தமிழ்ச்சொல்லைப் பற்றி அப்படி ஒரு விவாதத்தை நோயாளியின் குடும்பத்தாரும் டாக்டரும் எழுத்தாளரும் சேர்ந்து நடத்தவேயில்லை. சொல்லைச் செய்வதும் சொல்லைச் சந்தேகிப்பதும் நம் வேலை என்று சொல்லிக்கொள்பவர்கள் நாம்.

முன்மாதிரி தமிழிலேயே உண்டு, யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. சொற்களுக்காக அவர் மாணவர்களோடு பட்ட பாடு நம் அகராதிக்காரர்கள் படித்துப் பார்க்கத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்குப்பின் அதே மண்ணில், யுத்தத்தின் நடுவே, மனமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் தமிழில் 'மனவடு' எழுதினார். யுத்தம் ஈழத்தமிழர் மனத்தில் செய்ததைப் பற்றி அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1998இல் டில்லியிலிருந்து வந்தது. தமிழ்ப் புத்தகம் முந்தியது, ஆங்கிலப் புத்தகம் பிந்தியது. இந்த வரிசை முக்கியம். 'வடு' என்ற சொல்லைத் தேர்ந்ததும் முக்கியம். சிதைவு திரும்ப ஒட்டாது. வடு, காயம் ஆறியதற்கும் அடையாளம். குண்டுவீச்சுக்கு இடையே ஓர் ஊரால் இது முடிந்திருக்கிறது.

இன்று வாசிப்பதற்கான தடை குறைந்துவருகிறது. 2025 முதல் மத்திய அரசு, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், சுமார் 13,000 சர்வதேசப் பத்திரிகைகளை அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்திருக்கிறது. சேலத்து அரசு மருத்துவக் கல்லூரி மாணவருக்கு லண்டன் பத்திரிகை இனி எட்டாக்கனி அல்ல. வெளியூர்த் தபாலை இங்கே கொண்டுவந்து சேர்க்க அரசாங்கம் செலவழிக்கிறது. அதைப் பிரித்து, தமிழில் எழுதி, நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்ட அரசாங்கத்தால் ஆகாது.

அதற்குப் பெரிய மூலதனமும் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 32 பக்கம், 300 பிரதி. நமக்கு அச்சகம் தெரியும், புரூஃப் திருத்தத் தெரியும், சந்தா வராது என்பதும் தெரியும். டாக்டர்களுக்கு நோய் தெரியும். முதல் இதழில், வேலாயுதம்பாளையம்புதூர்க் கட்டுரையின் சாரம் அதன் குறைகளோடு தமிழில் வரட்டும். சென்னையின் தொண்ணூறு பேரைப் பற்றி, அட்டவணையில்லாமல், அவர்களைப் பின்தொடர்ந்தவர்களில் ஒருவர் எழுதட்டும். இந்தச் சமவெளியில் தொழில்செய்யும் ஒரு டாக்டர், நோயாளியின் சம்மதத்தோடும் ஊர் பேர் மறைத்தும், ஒரே ஒரு நோயாளியைப் பற்றி அவர் பேசிய தமிழிலேயே, விகுதி மாற்றாமல் எழுதட்டும். குரல் கேட்ட ஒருவர் தானே எழுதட்டும். கடைசிப் பக்கம் ஒரு சொல்லுக்கு: முதலில், மனச்சிதைவு என்பதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று நோயாளிகளின் வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே அச்சிட வேண்டும்.